ஒருத்திக்கு மட்டும் வந்த பெருநாள்

ஒரு ஊர்ல ஒரு பெருநாள் இருந்துச்சு. ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை, பெருநாள்தான். நோன்பு முடிஞ்சா ஊர் முழுக்க வருமே, அந்த நோன்புப் பெருநாள். அது ஒரு வருஷம் ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி, ஒரே ஒரு பொம்பளைக்கு மட்டும் வந்துச்சு. எப்படின்னு இப்பவே கேட்காதே. அதைத்தான் சொல்லப் போறேன். நீ காலை ஆட்டாமப் படுத்துக்கிட்டு "ம்" மட்டும் கொட்டு. கொட்டலைன்னா நீ தூங்கிட்டேன்னு எடுத்துக்குவேன். உன் பெத்தும்மா கிழவி, எனக்கும் அசதியா இருக்கு.

"ம்."

அந்த ஊர் கடலோரத்துல இருக்கு. கிழக்கே கடல், மேற்கே தென்னந்தோப்பு, நடுவுல ஒரு பள்ளிவாசலும் நாலு தெருவும். ரெண்டாவது தெருவுல மைமூன்கனின்னு ஒருத்தி இருந்தா. கனின்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. அவ வீட்டுல ஒன்பது பேர். மாமியார் ஹவ்வாம்மா, மாமியாரோட தங்கச்சி ஒருத்தர், புருஷன் மகுதூம், கல்யாணம் ஆகாத நாத்தனார் ரெண்டு பேர், இவ, இவளோட மூணு புள்ளைங்க. எண்ணிப் பார்த்துக்கோ, ஒன்பது சரியா வரும். அந்த ஒன்பது பேருக்கும் விடியறதுக்கு முன்னாடி ஸஹர் சோறு ஆக்கறது கனி. சாயங்காலம் நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்சறதும் கனி. பாத்திரம் கழுவுறது கனி, துணி துவைக்கிறது கனி. எல்லாருக்கும் முன்னாடி எழுந்து, எல்லாருக்கும் அப்புறம் படுப்பா. நோன்பு இருபத்தொன்பது ஆகும்போது அவ நின்னுக்கிட்டே தூங்கக் கத்துக்கிட்டா. பெருமைக்குச் சொல்லலை, அப்படித்தான் இருந்துச்சு.

அப்போ அந்த இருபத்தொன்பதாம் நோன்பு சாயங்காலம். பள்ளிவாசல்ல நகரா முரசு அடிச்சாங்க, டம் டம் டம்முன்னு. எல்லாரும் பேரீச்சம்பழம் கடிச்சு, தண்ணி குடிச்சு, நோன்பு திறந்தாங்க. அன்னைக்குப் பிறை தெரிஞ்சா மறுநாள் பெருநாள். தெரியலைன்னா இன்னும் ஒரு நோன்பு, முப்பதாவது. ஆனா வானம் முழுக்க மேகம் குமுகுமுன்னு குவிஞ்சு கிடந்துச்சு. ஆம்பளைங்க தோப்புப் பக்கம் பார்த்துட்டுக் கழுத்து வலிக்குதுன்னு திரும்பிட்டாங்க.

கனி பிறை பார்க்கப் போகலை. மழை வரும்போல இருந்துச்சு, மொட்டை மாடியில துணி காயுது, அதை எடுக்கப் போனா. காத்து சடசடன்னு அடிக்குது. புள்ளைங்க சட்டையை ஒவ்வொண்ணாக் கொடியிலேர்ந்து உருவித் தோள்ல போட்டுக்கிட்டே மேற்கே திரும்பினா. தென்னந்தோப்புக்கு ஒரு முழம் மேலே மேகம் லேசாக் கிழிஞ்சுது. அந்தக் கிழிசலுக்குள்ளே பிறை. ஒரு நூலை வளைச்சு வச்ச மாதிரி, ரெண்டு முனையும் மேலே பார்த்துக்கிட்டு. அவ மூணு தடவை நபி பேர்ல ஸலவாத்து சொல்ற நேரம் அது நின்னுச்சு. அப்புறம் மேகம் மூடிடுச்சு.

அவ மாமியாரைக் கூப்பிட்டா. ஹவ்வாம்மா முழங்காலைப் பிடிச்சுக்கிட்டுப் படி ஏறி வர்றதுக்குள்ளே அங்கே வெறும் மேகம்தான். நாத்தனார் ரெண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரிச்சாங்க.

ஏன் சிரிச்சாங்கன்னு சொல்லணும். மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே கனி, இதே மாடியில நின்னு, பிறை பிறைன்னு சத்தம் போட்டிருக்கா. தெரு முழுக்க அல்லாஹு அக்பர்னு தக்பீர் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. பொம்பளைங்க இடியாப்பத்துக்கு அரிசியை ஊறப்போட்டு இடிச்சே முடிச்சுட்டாங்க. அப்புறம் பார்த்தா அது பிறையே இல்லை. வெளிச்சம் பட்ட மேகக் கீத்து. மறுநாளும் நோன்பு. இடிச்ச மாவெல்லாம் புளிச்சுப் போச்சு. எதிர்வீட்டு ஜொகரான்னு ஒருத்தி, அவ வீட்டுல நாலு படி மாவு. அந்தக் கோபத்துல கனிக்குப் பிறைக்கனின்னு பேர் வச்சா. பேர் ஒட்டிக்கிச்சு. மூணு வருஷமா அவ தெருவுல போனா, இன்னைக்குப் பிறை உண்டா பிறைக்கனின்னு கேட்பாங்க, அது அமாவாசையா இருந்தாலும்.

கேட்டுக்கிட்டு இருக்கியா?

"ம்."

அதனால ஹவ்வாம்மா ரொம்பப் பேசலை. ஊர் நோன்பு பிடிச்சா நாமும் பிடிப்போம், துணியை மடிச்சு வைன்னு சொல்லிட்டு, பொம்பளைங்க தொழுற தைக்காவுக்கு மகள்களையும் தங்கச்சியையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. மகுதூம் மட்டும் பொண்டாட்டி முகத்தைப் பார்த்தான். அவன் நல்லவன்தான், ஆனா எதையும் தானா முடிவு பண்ண மாட்டான். நேரே பள்ளிவாசலுக்குப் போய்ச் சொன்னான். அங்கே இருந்தவங்க சிரிச்சாங்க. சிரிக்காதவர் ஒருத்தர்தான், ஆலிம்சா. மார்க்கச் சட்டம் படிச்ச பெரியவர். தொழுகைக்கு நேரம் இருந்துச்சு. அவர் கைத்தடியை ஊன்றிக்கிட்டு டொக் டொக்னு மகுதூம் கூடவே நடந்து வந்து வாசல்ல நின்னார். கனி திரைக்குப் பின்னாடி நின்னா.

பிறையோட முனை ரெண்டும் எந்தப் பக்கம் பார்த்துச்சுன்னு கேட்டார். மேலேன்னு சொன்னா. எவ்வளவு உயரத்துலன்னு கேட்டார். தென்னை மட்டைக்கு ஒரு முழம்னு சொன்னா. எவ்வளவு நேரம்னு கேட்டார். மூணு ஸலவாத்துன்னு சொன்னா. அப்புறம் சொன்னார்:

"ஊருக்குப் பெருநாள்னு அறிவிக்க நேர்மையான ரெண்டு ஆம்பளை சாட்சி வேணும், மகளே. அது கிடைக்கலை. அதனால ஊர் நோன்பு பிடிக்கும். ஆனா நம்ம ஷாபி மத்ஹபு சட்டத்துல, கண்ணால பார்த்தவ ஒருத்தியே ஆனாலும் அவளுக்கு அது பெருநாள். பெருநாள் அன்னைக்கு நோன்பு பிடிக்கிறது ஹராம், கூடவே கூடாது. நீ மறைவாச் சாப்பிடு. ஜனங்களைக் குழப்பாதே."

"நான் பார்த்தது தப்பா இருந்தா?"

"உனக்கே சந்தேகம்னா உனக்கும் நோன்புதான். ரமலான் நோன்பை வேணும்னே விடறது சின்னக் காரியம் இல்லை. நீதான் பார்த்தே, நீதான் முடிவு பண்ணணும். உன் கண்ணுக்கு நான் சாட்சி சொல்ல முடியாது."

சொல்லிட்டு டொக் டொக்னு போயிட்டார். புரியுதா, அவ எதுல மாட்டினான்னு? சாப்பிட்டா, பார்த்தது மேகமா இருந்துட்டா, பெரிய பாவம். சாப்பிடாம இருந்தா, பார்த்தது பிறையா இருந்துட்டா, அதுவும் பாவம். நடுவுல நிக்க இடமே இல்லை. மகுதூம் ஒரு வார்த்தை கேட்கலை. கேட்டா பதில் வரும், வந்த பதிலைத் தாங்கணும், அதான். அவன் தொழுகைக்குப் போயிட்டான். கனி மடிச்ச துணியை மறுபடியும் மடிச்சா.

அப்புறம் ஸஹர் நேரம். அவ எப்பவும் போல எழுந்து சோறு ஆக்கி, குழம்பைச் சுட வச்சு, எல்லாருக்கும் பரிமாறினா. சாப்பிட்டு முடிச்சதும் அந்த வீட்டுல ஒரு வழக்கம். ஹவ்வாம்மா முதல்ல நிய்யத்துச் சொல்லுவாங்க, இந்த நோன்பை அல்லாவுக்காகப் பிடிக்கிறேன்னு. வீட்டுல இருக்கிற எல்லாரும் அதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லணும். இது முதல் சோதனை. மாமியார் சொன்னாங்க. தங்கச்சி சொன்னாங்க, நாத்தனார் ரெண்டு பேரும் கொட்டாவியோட சொன்னாங்க, மகுதூம் தரையைப் பார்த்துக்கிட்டுச் சொன்னான். கனி எங்கேன்னு மாமியார் கேட்டாங்க. பால் பொங்கப் போகுது மாமி, அடுப்பைப் பார்க்கணும்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டா. பால் உண்மையிலேயே புஸ்ஸுனு பொங்கிக்கிட்டு வந்துச்சு. அவ சொன்னது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அந்த வித்தியாசம் அவளுக்குத் தெரிஞ்சே இருந்துச்சு.

"ம்."

அப்புறம் விடிஞ்சுது. அவ குளிச்சா; பெருநாள் குளிப்புன்னு மனசுல நினைச்சுக் குளிச்சா. பெட்டியில புதுப் புடவை இருக்கு. அதை உடுத்த முடியாது, ஊர் கேட்கும். அதனால புது ரவிக்கையை மட்டும் போட்டுக்கிட்டு மேலே பழைய புடவையை இழுத்துச் சுத்திக்கிட்டா. அப்புறம் அரிசி மூட்டை வைக்கிற அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினா. நோன்புப் பெருநாள் அன்னைக்குத் தொழுறதுக்கு முன்னாடி ஏதாவது ஒண்ணு வாயில போட்டுக்கணும், அது வழக்கம். கையில ஒரே ஒரு பேரீச்சம்பழம் வச்சிருந்தா.

இது ரெண்டாவது சோதனை. இதுதான் கஷ்டமானதும். ஏன்னா இங்கே அவளைக் கேட்க யாரும் இல்லை. பழத்தை வாய்கிட்ட கொண்டு போனா, கை நின்னுடுச்சு. மூணு வருஷத்துக்கு முன்னாடி பார்த்ததை நினைச்சுப் பார்த்தா. அது மங்கலா, அகலமா, ஓரம் கரைஞ்சு இருந்துச்சு. அன்னைக்கு அவ ஆசையில பார்த்தா. பெருநாள் வரணும்னு வேண்டிக்கிட்டே மாடியில நின்னவ. நேத்து அப்படி இல்லை. நேத்து அவ துணி எடுக்கத்தான் போனா. அவளுக்குப் பிறையே நினைப்புல இல்லை. அது மெலிசா, ஓரம் கூர்மையா, தானா வந்து நின்னுச்சு. அவ கண்ணை மூடிக்கிட்டு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா. வித்தியாசம் தெரிஞ்சுது. பழத்தைக் கடிச்சா.

கடிச்சா சரி, இறங்கணுமே. இருபத்தொன்பது நாளாப் பகல்ல மூடியே பழகின தொண்டை. கூஜாவிலேர்ந்து தண்ணியை ஊத்தி மடக் மடக்னு குடிச்சுத்தான் உள்ளே தள்ளினா. அப்புறம் மூட்டைக்குப் பக்கத்துல பாயை விரிச்சு, ரெண்டு ரக்அத் பெருநாள் தொழுகையைத் தனியாத் தொழுதா. ஊரே சேர்ந்து ஓங்கிச் சொல்ற தக்பீரை முந்தானைக்குள்ளே சொன்னா.

அப்போ கதவு தட்டற சத்தம். தட தட தட. பகல்ல கதவைச் சாத்திக்கிட்டு என்ன வேலைன்னு மாமியார் கேட்டாங்க. பித்ரா அரிசி எடுக்கிறேன் மாமின்னு சொன்னா. சொன்ன பிறகு அது உண்மையா இருக்கணுமே, உடனே மரக்காலை எடுத்துச் சர்ருன்னு அரிசியை அளந்தா. பித்ரான்னா தெரியும்ல? பெருநாள் தொழுகைக்கு முன்னாடி, இல்லாதவங்களும் அன்னைக்கு வயிறாரச் சாப்பிடணும்னு ஒவ்வொருத்தர் பேரிலும் கொடுக்கிற அரிசி. ஒரு நாள் முன்னாடி கொடுத்தாலும் தப்பில்லை. அதனால ஹவ்வாம்மாவும் ஒண்ணும் சொல்லலை. மத்தவங்க அரிசி நாளைக்குப் போகும், நீ உன்னோடதைக் கொண்டு போய்க் கொடுத்துட்டுச் சீக்கிரம் வா, மாவு இடிக்கணும்னாங்க.

தெருவுல ஜொகரா வாசல் பெருக்கிக்கிட்டு இருந்தா. பிறைக்கனி, நேத்தும் ஏதோ பார்த்தியாமே, இந்த வருஷம் மாவை நான் இடிக்கவே இல்லை, தப்பிச்சேன்னு சொன்னா. பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க கலகலன்னு சிரிச்சாங்க. கனி தலையில அரிசிப் பையோட நடந்துக்கிட்டே இருந்தா. அவளுக்குக் கோபம் வரலை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேணும்.

தெருக்கோடியில பரக்கத்துன்னு ஒரு விதவைப் பொம்பளை தனியா இருந்தாங்க. வயசானவங்க, நெஞ்சுல சளி, ரெண்டு வாரமாப் படுக்கை. கனி திரையை விலக்கிக்கிட்டு உள்ளே போனா. பரக்கத்து சட்டுனு ஒரு கிண்ணத்தைப் பாய்க்கு அடியில தள்ளினாங்க. கஞ்சி. நோயாளிக்கு நோன்பு கட்டாயம் இல்லை. மார்க்கமே விட்டுக் கொடுத்திருக்கு. இருந்தாலும் ஊரே பட்டினி கிடக்கும்போது குடிக்க அவங்களுக்கு வெட்கம். கனி பார்த்துட்டா. அரிசிப் பையை இறக்கி வச்சுட்டு, கிண்ணத்தை எடுத்து அவங்க கையில கொடுத்தா. ஆறுது, குடிங்க லாத்தான்னு சொன்னா. லாத்தான்னா அக்கா.

பரக்கத்து அவளை ஏற இறங்கப் பார்த்தாங்க. பழைய புடவை விலகி, புது ரவிக்கையோட கை ஓரம் தெரிஞ்சுது. கனி உதட்டு ஓரத்துல பேரீச்சம்பழத் துணுக்கு ஒட்டியிருந்துச்சு.

"எனக்கு நோவு," அப்படின்னாங்க பரக்கத்து. "உனக்கு என்ன?"

"எனக்குப் பெருநாள், லாத்தா."

அதை அவ வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பாய் ஓரத்துல உட்கார்ந்துட்டா. பரக்கத்து எழுந்து, இருமிக்கிட்டே, இன்னொரு கிண்ணத்தைக் கழுவினாங்க. இருந்த கஞ்சியைப் பாதியாப் பிரிச்சு ஊத்தினாங்க. "பெருநாளைக்கு வந்தவளை வெறும் வாயா அனுப்பற பழக்கம் இந்த வீட்டுல இல்லை," அப்படின்னாங்க. ரெண்டு பேரும் திரைக்குப் பின்னாடி உட்கார்ந்து, சத்தம் வராம, நோயாளிக் கஞ்சியைக் குடிச்சாங்க. கறி இல்லை, இனிப்பு இல்லை. ஊர்ல அன்னைக்கு நடந்த பெருநாள் விருந்து அது ஒண்ணுதான்.

தூங்கிட்டியா?

"இல்லை பெத்தும்மா. அப்புறம்?"

அப்புறம் என்ன, வேலை. வீட்டுக்கு வந்து மாவு இடிச்சா, தொம் தொம்னு. வாசல் கழுவினா. புள்ளைங்களுக்குத் தலைக்கு ஊத்தினா. பெருநாள்னு பேரு, வேலை எல்லா நாளையும் விட ஒரு மடங்கு அதிகம். சாயங்காலம் கஞ்சிப் பானையை அடுப்புல ஏத்தினா.

இங்கே ஒண்ணைக் கவனி. நோன்பு மாசத்துல கஞ்சி காய்ச்சறவளும் நோன்பாளி. உப்புப் பார்க்க முடியாது. கை அளவுக்குப் போட்டுட்டு அல்லாவே கதின்னு இறக்கி வைக்கணும். அதனால ஒரு நாள் கஞ்சி சப்புனு இருக்கும், ஒரு நாள் கடல் தண்ணியா இருக்கும். நோன்பு திறக்கிற உணவுல குறை சொல்லக் கூடாதுன்னு யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. அந்த வீட்டுல இருபத்தொன்பது நாளா ஒரு நாள் கூட உப்புச் சரியா அமையலை.

கஞ்சி கொதகொதன்னு கொதிச்சுது. அரிசியும் பாசிப்பருப்பும் வெந்து குழைஞ்சுது, தேங்காய்ப்பால் ஊத்தினா, ரம்பை இலை வாசம் வந்துச்சு. கனிக்குக் கண்ணு சொருகுது. அப்போ அவ கை, மத்த பதினொரு மாசமும் செய்யறதைத் தானாச் செஞ்சுது. கரண்டியை எடுத்து, உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு, நக்கிப் பார்த்தா. உப்புக் குறைவு. ஒரு சிட்டிகை போட்டு, கிளறி, மறுபடியும் நக்கிப் பார்த்தா. சரியா இருந்துச்சு. இறக்கி வச்சுட்டா. அவ என்ன செஞ்சான்னு அவளுக்கே தோணலை. அவ்வளவு அசதி.

நகரா அடிச்சாங்க, டம் டம் டம். வெளியே மழை சோன்னு பிடிச்சுக்கிச்சு. முப்பது முடிஞ்சாச்சு, நாளைக்குப் பெருநாள்தான், இனிமே பிறை தெரிஞ்சா என்ன, தெரியாட்டா என்ன. யாரும் மாடிக்குப் போகலை. எல்லாரும் பழத்தைக் கடிச்சுட்டுக் கஞ்சிக் கோப்பையை எடுத்தாங்க. சர் சர்னு உறிஞ்சற சத்தம். அப்புறம் சத்தம் நின்னுச்சு. நாத்தனார் ஒருத்தி கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. ஹவ்வாம்மா ரெண்டாவது வாய் குடிச்சாங்க, மெதுவா. கோப்பையைக் கீழே வச்சாங்க.

"கனி. உப்பு யாரு பார்த்தா?"

இது மூணாவது சோதனை. அப்போதான் கனிக்கு உறைச்சுது. மகுதூம் அவசரமா நடுவுல வந்தான். சின்னது பார்த்திருக்கும்மா, அது அடுப்படியிலதான் சுத்திக்கிட்டு இருந்துச்சுன்னான். சின்னதுன்னா கனியோட கடைசிப் பொண்ணு, நாலு வயசு. நோன்பு இல்லாத வயசு. நல்ல சாக்கு. எல்லாரும் நம்பியிருப்பாங்க. கனி ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ராத்திரி நிம்மதியாப் போயிருக்கும். காலையிலேர்ந்து ரெண்டு தடவை அவ உண்மையோட ஓரத்துல ஒதுங்கி நின்னு தப்பிச்சா. இங்கே ஒதுங்க ஓரம் இல்லை. ஒண்ணு பொய், இல்லைன்னா உண்மை.

"சின்னது இல்லை, மாமி. நான்தான் பார்த்தேன்."

"நோன்போடயா?"

"எனக்கு நோன்பு இல்லை. நேத்துப் பிறையை நான் கண்ணால பார்த்தேன். எனக்கு இன்னைக்குப் பெருநாள்."

நாத்தனார் ஒருத்தி களுக்குனு சிரிச்சா. ஹவ்வாம்மா திரும்பிப் பார்த்த பார்வையில அந்தச் சிரிப்பு பாதியில நின்னுச்சு. யாரு உனக்கு அப்படிச் சொன்னதுன்னு கேட்டாங்க. கனி பதில் சொல்றதுக்கு முன்னாடி மகுதூம் தொண்டையைச் செருமினான். ஆலிம்சா வந்தது, கேட்டது, சொன்னது எல்லாத்தையும் சொன்னான். ஹவ்வாம்மா மகனைப் பார்த்தாங்க.

"அப்போ உனக்குத் தெரியும்."

"தெரியும்மா."

"தெரிஞ்சும் பொண்டாட்டிக்கு ஒரு பெருநாள் வாழ்த்துச் சொல்ல வாய் வரலை உனக்கு."

அவன் கோப்பைக்குள்ளே பார்த்துக்கிட்டு இருந்தான். ஹவ்வாம்மா மருமகள் பக்கம் திரும்பினாங்க. அவங்க தேன் ஒழுகப் பேசறவங்க இல்லை, அன்னைக்கும் பேசலை.

"நீ பார்த்தது பிறையா மேகமான்னு எனக்குத் தெரியாது. மூணு வருஷத்துக்கு முன்னாடி தப்பாப் பார்த்தே. ஆனா அன்னைக்கும் நீ பொய் சொல்லலை. பார்த்ததாத் தோணினதைச் சொன்னே. இப்போ ஒரு பொய்யைத் தட்டுல வச்சு உன் முன்னாடி நீட்டினான், நீ எடுத்துக்கலை. அது எனக்குப் போதும். எப்போ எழுந்தே இன்னைக்கு?"

மூணு மணிக்குன்னு கனி சொன்னா.

"பெருநாள் அன்னைக்கு எட்டுப் பேருக்கு மாவு இடிச்சிருக்கே. எழுந்திரு. போய்ப் படு. நாளைக்கு அடுப்பு உன்னோடது இல்லை."

கனி எழுந்திருக்கலை. பாத்திரம் கிடக்கு மாமின்னா. ஹவ்வாம்மா நாத்தனார் ரெண்டு பேரையும் பார்த்தாங்க. அவங்க எழுந்து பாத்திரத்தை எடுத்தாங்க. கிணிங் கிணிங்னு பாத்திரம் மோதற சத்தம் கேட்டுச்சு. அந்தச் சத்தத்துக்கு நடுவுல கனி படுத்தா. தலையணை வச்சாளா, போர்வை போர்த்தினாளா, அவளுக்கே தெரியாது.

"ம்..."

அப்புறம் விடிஞ்சு, ஊருக்குப் பெருநாள் வந்துச்சு. பள்ளிவாசல்லேர்ந்து அல்லாஹு அக்பர், அல்லாஹு அக்பர்னு தக்பீர். சரசரன்னு புதுச் சட்டை, குபுகுபுன்னு அத்தர் வாசம், தெரு முழுக்கப் புள்ளைங்க. நாத்தனார் ரெண்டு பேரும் இடியாப்பம் பிழிஞ்சு, கறி ஆக்கி, கை சுட்டுக்கிட்டு, அப்பாடான்னு உட்கார்ந்தாங்க. மகுதூம் தொழுதுட்டு வந்து, கனி படுத்திருந்த அறை வாசல்ல கொஞ்ச நேரம் நின்னான். எழுப்பலை. ஹவ்வாம்மா புள்ளைங்களை அந்தப் பக்கம் விடலை. கதவை ஒருக்களிச்சுச் சாத்திட்டு, அதுக்கு முன்னாடி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துக்கிட்டாங்க, புதுப் புடவையோட, நிமிர்ந்து.

வீடு வீடாப் போய் வாழ்த்துச் சொல்றவங்க வந்தாங்க. முதல்ல வந்தது ஜொகரா, கையில மூடின தட்டுல இனிப்பு வட்டலப்பத்தோட. வாழ்த்தெல்லாம் சொல்லி முடிச்சுட்டு, சுத்தும்முத்தும் பார்த்துட்டு, எங்கே உங்க மருமவ, பிறை பார்க்க மாடிக்குப் போயிட்டாளான்னு கேட்டா. கூட வந்தவங்க சிரிக்கத் தயாரா இருந்தாங்க.

ஹவ்வாம்மா தட்டை வாங்கி வச்சுக்கிட்டாங்க.

"அவளுக்குப் பெருநாள் நேத்தே வந்துட்டுப் போயிடுச்சு. தூங்கறா. மெதுவாப் பேசு."

ஜொகரா ஹவ்வாம்மா முகத்தைப் பார்த்தா. அதுல விளையாட்டு எதுவும் இல்லை. மூடின கதவைப் பார்த்தா. அப்புறம் கையில வளையல் சத்தம் போடாம, சுவர் ஓரமாப் போய் உட்கார்ந்தா. அடுத்து வந்தவங்களும் கேட்டாங்க; அவங்களுக்கும் ஹவ்வாம்மா அதையே சொன்னாங்க. மத்தியானத்துக்குள்ளே நாலு தெருவும் அந்த வீட்டுக்கு வந்து போச்சு. ஒரு வார்த்தை கூட்டாம, ஒரு வார்த்தை குறைக்காம எல்லாருக்கும் அதேதான் பதில். அந்தப் பெருநாள்ல அந்த ஒரு வீட்டுல மட்டும் ஊரே குசுகுசுன்னு பேசிக்கிட்டு வாழ்த்துச் சொல்லிச்சு.

"பெத்தும்மா... அது பிறையா, மேகமா?"

தெரியாது. அந்த ஊர்ல யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் ஹவ்வாம்மா அவளை எழுப்பினாங்க, தொழுகைக்காக. எழுந்து தொழுதா. சாப்பிடறியான்னு கேட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சுன்னு சொன்னா. மறுபடியும் படுத்தா. மாமியார் கதவைச் சாத்தினாங்க.

கதைக்கும் கதவைச் சாத்தியாச்சு. வாயை மூடு, கண்ணையும் மூடு.